ஊசி நடுவில்தான் நின்றது

இயக்கச்சி தாண்டி ஆனையிறவை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. மூன்று வருடத்துக்கு முன், ஆனி மாதத்து மத்தியானம். என் டபிள் கப் பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லரில் மருதங்கேணியில் ஏற்றிய பைபர் போட், அதற்குள் வலை, கழற்றிப் படுக்க வைத்த எஞ்சின். எல்லாம் சேர்த்து ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். பரந்தனால் திரும்பி முல்லைத்தீவில் கொண்டுபோய் இறக்க வேண்டும். கடலேரிக்கு நடுவால் போகும் அந்தப் பாதையில் தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று போட்டின் அணியத்தை, அதன் முன்பக்கத்தை, பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. காற்றுத்தான் இழுக்கிறது என்று நினைத்து அக்சிலேற்றரை இன்னும் அமத்தினேன். எஞ்சின் மூவாயிரத்துக்கு மேலே சுற்றியது. வாகனம் அறுபதில் இருந்து நாற்பதுக்கு வந்தது, பிறகு முப்பது. எண்ணெய் கருகும் நெடி ஒன்று உள்ளே வந்தது. நான் உடனே பார்த்தது டாஷ்போட்டில் இருக்கும் வெப்ப ஊசியை. அது நடுவில் நின்றது. காலையில் கோண்டாவிலில் இருந்து புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்த ஊசி, மணலிலும் வெயிலிலும் ஒரு மயிரிழைகூட அசையாமல் அங்கேயே நின்றிருந்தது. எந்த விளக்கும் எரியவில்லை. அதனால் இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓடினேன். அந்த இரண்டு கிலோமீற்றரை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை.

போட்டை லொறி ஒன்றில் மாற்றி அனுப்பினோம். டபிள் கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இணுவில் பக்கத்தில் எனக்குப் பழக்கமான கராஜில் விட்டேன். அடுத்த நாள் காலையில் கராஜ் அண்ணை கியர்பொக்ஸ் ஒயிலை ஒரு வெட்டிய கானுக்குள் வடித்தார். அந்த ஒயில் புதிதில் செக்கச் சிவப்பாக இருக்கும். வந்தது தேயிலைச் சாயத்தைவிடக் கறுப்பு. விரலில் தொட்டு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டு என்னிடம் நீட்டினார். பிறகு கியர்பொக்ஸைப் பிரித்து, உள்ளே கியர்களைப் பிடிக்கும் கிளச் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் பரப்பினார். பிளேட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் படை சில இடங்களில் கரியாகி உதிர்ந்திருந்தது. நான் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். "அண்ணை, ஊசி நடுவிலைதான் நிண்டது. கண்ணாலை பாத்தனான்." அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீ ஊசியைப் பாத்தனி. ஊசி எஞ்சினைப் பாத்தது. கியர்பொக்ஸை ஆர் பாத்தது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிய இடம் வேறு. எங்கள் அப்பா ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் கிடைக்காமல், எங்கள் ஊர்க் கார்கள் எல்லாம் ஓடிய மாதிரி அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டாட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எப்போது மாற்றலாம் என்று சொல்ல மீற்றர் எதுவும் இல்லை. அப்பா பொனற்றில் கையை வைப்பார், சத்தத்தைக் கேட்பார், சைலன்சர் புகையை மணந்து பார்ப்பார். கிளச் வழுக்கினால் காலுக்குத் தெரியும். கியர் நோகிறது என்றால் கியர்க் கம்பி வழியாக உள்ளங்கைக்குத் தெரியும். நானும் அந்தக் காரில்தான் பழகினேன். வாகனத்துக்கு ஒன்று நடந்தால் எனக்குத் தெரியாமல் போகாது என்று நினைத்தே இத்தனை வருடம் ஓடியிருக்கிறேன். கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் வாகனம் வாங்கியபோது கை கால் வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கையும் காலும் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையும் சேர்ந்து போய்விட்டது என்பதை ஒரு கியர்பொக்ஸைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரும்பு இரும்பைத் தொடாத இடம்

மனுவல் கியரில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் கிளச் இருக்கிறது. விட்டால் இறுக்கிப் பிடிக்கும். ஓட்டோவில் அந்த இடத்தில் இருப்பது டோர்க் கன்வேட்டர். பூசணிக்காய் அளவு உருண்டைக்குள் இரண்டு சில்லுகள், சுற்றிவர ஒயில். எஞ்சினோடு சேர்ந்த சில்லு ஒயிலை வீசுகிறது. வீசப்பட்ட ஒயில் எதிர்ச் சில்லைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் சிறிய சில்லு ஒன்று, திரும்பி வரும் ஒயிலைத் திசை மாற்றிவிட்டு இழுவையைக் கூட்டுகிறது. முதல் சில்லு வேகமாகச் சுற்ற, மற்றது மெல்லச் சுற்றினால், இழுவையாக மாறாத மிச்சம் எல்லாம் ஒயிலுக்குள் சூடாகத்தான் போகும். வேறு வழியே இல்லை. வாகனம் ஓரளவு வேகம் எடுத்த பிறகு உள்ளே ஒரு சின்னக் கிளச் பூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதற்குப் பிறகு அங்கே சூடு பிறப்பது நின்ற மாதிரி. ஆக, ஓட்டோ கியரை வாட்டுவது பெரிய வேகம் அல்ல. பாரத்தோடு ஊருவதுதான் வாட்டுகிறது.

இதை வாசித்துத் தெரிந்துகொள்ளும்போது ஒரு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. ஒயிலால் தள்ளும் இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை எடுத்தவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜேர்மன் எஞ்சினியர். கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவர். அதிவேகமாகச் சுற்றும் நீராவிச் சுழலியை, மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு எப்படி இணைப்பது என்று யோசித்துத்தான் இதைச் செய்தார். கார்களுக்கு வந்தது பிறகு. கடலில் கப்பலைத் தள்ளுவதற்காகப் பிறந்த ஒன்றை, கரையில் ஒரு போட்டை இழுத்து எரித்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அந்தச் சிவப்பு ஒயிலில் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்தார்கள். கிளச் பிளேட் இதமாகப் பிடிப்பதற்கு அதைப்போல் ஒன்று அப்போது கிடைக்கவில்லை. திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்த பிறகுதான் ஆய்வுகூடத்தில் செய்த மாற்றுகள் வந்தன. எண்ணெயை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அது உராய்வைக் குறைக்கவும் வேண்டும், தேவையான இடத்தில் பிடிக்கவும் வேண்டும், சூட்டைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும், வால்வுகளைத் தள்ளவும் வேண்டும். அப்படியான ஒன்றைக் கருக்கிவிட்டுப் புது ஒயில் ஊற்றினால் சரி என்று நினைப்பது பெரிய பிழை.

எவ்வளவு சூடு கூடாது என்பதற்கு ஒயில் தொழிலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் ஓடும் ஒயில் 160,000 கிலோமீற்றர் தாங்கும் என்று வைத்தால், ஒவ்வொரு 11 பாகை கூடும்போதும் அந்த ஆயுள் பாதியாகிறது. 91இல் 80,000. 102இல் 40,000. 113இல் 20,000. 124இல் 10,000. இன்றைய செயற்கை ஒயில்கள் இதைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் அந்தச் சரிவின் வடிவம் மாறவில்லை. 115ஐத் தாண்டினால் ஒயில் அரக்குப்போல வால்வுகளில் படியத் தொடங்குகிறது. 125 தாண்டினால் சீல்கள் இறுகுகின்றன. 145, 150இல் பிளேட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் வழுக்கல். டாஷ்போட்டில் கியர்பொக்ஸ் எச்சரிக்கை விளக்கு இருக்கும் வாகனங்களிலும், பெரும்பாலும் அது எரிவது ஒயிலுக்குக் கெடுதல் வந்து முடிந்த பிறகுதான். நடுவில் நிற்கும் ஊசியோ எஞ்சின் தண்ணீரைக் காட்டுவது. அதிலும் பல வாகனங்களில் 80இல் இருந்து 100 தாண்டும்வரை அதை வேண்டுமென்றே ஒரே இடத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஊசி ஆடினால் சனம் பயந்து கராஜுக்கு ஓடி வரும் என்பது காரணம் என்பார்கள். நான் அந்த ஊசியை ஒரு காவல்காரன் மாதிரி நம்பியிருந்தேன். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. பாரம் இழுப்பதற்கென்றே கொக்கி பூட்டி விற்கிற ஒரு வாகனத்தில், பாரம் முதலில் வாட்டுகிற உறுப்பின் சூட்டை ஓட்டுகிறவனுக்குக் காட்டாமல் விடுவது சரியில்லை. அந்த எண் உள்ளே இருக்கிறது. கியர்பொக்ஸின் கணினி ஒவ்வொரு விநாடியும் அதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்குத்தான் சொல்வதில்லை.

என் பங்குப் பிழையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கும் சின்னக் குழாய் என் வாகனத்தில் ரேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள் போகிறது. ஒயில் தன் சூட்டை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கராஜ் அண்ணை ரேடியேற்றரைக் கழற்றி அந்தத் தொட்டியைத் திறந்தபோது குழாயைச் சுற்றி வெள்ளைப் படை, கேத்தலின் அடியில் பிடிக்கிற அதே படை. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருவது எல்லா வீட்டுக் கேத்தலுக்கும் தெரியும். நான் வருடக்கணக்காக ரேடியேற்றருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் விட்டேன். எஞ்சின் தண்ணீர் எப்படியோ சமாளித்துக்கொண்டது. ஒயில் மட்டும் அந்தக் கல் சட்டைக்குள்ளால் சூட்டை வெளியே விட முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. ஊசி நடுவில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கழித்தல் நாற்பது

பழைய கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பிளேட், சீல் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டினோம். ஒரு நல்ல போட் எஞ்சின் வாங்கும் காசு போனது. இனி அந்த எண்ணைப் பார்க்காமல் கொக்கியில் எதையும் மாட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முள் உள்ள சொக்கற் ஒன்று எல்லா நவீன வாகனத்திலும் இருக்கும். அமெரிக்காவில் 1996இல் இருந்து கார்களுக்கு அது கட்டாயம்; மற்ற நாடுகளும் பிறகு அந்த வழியில் வந்தன. அதில் தீப்பெட்டி அளவு புளூரூத் கருவியைச் செருகி போனில் செயலியைத் திறந்தால் எஞ்சின் வேகம், தண்ணீர்ச் சூடு எல்லாம் வரும். ஆனால் கியர்பொக்ஸ் ஒயிலின் சூடு அந்தப் பொதுவான பட்டியலில் வருவதில்லை. ஒவ்வொரு கொம்பனியும் அதற்குத் தன் சொந்தக் குறியீட்டை வைத்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, செயலியில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் நான் கொடுத்த குறியீடு பிழை. சித்திரை வெயிலில், கோண்டாவிலில், கியர்பொக்ஸ் கழித்தல் 40 பாகை என்று போன் சொன்னது. பிறகுதான் விளங்கியது: வருகிற எண்ணில் இருந்து 40ஐக் கழித்தே சூட்டைக் கணக்கிடுகிறார்கள், எதுவும் வரவில்லை என்றால் சுழியத்தில் இருந்து 40 கழியும். யாராவது இந்த வேலையில் இறங்கி −40ஐப் பார்த்தால் பயப்பட வேண்டாம், குறியீட்டை மாற்றுங்கள்.

சரியான குறியீடு கிடைத்தபோது இரண்டு எண்கள் வந்தன. ஒன்று கியர்பொக்ஸின் அடித்தட்டில் தேங்கி நிற்கும் ஒயிலின் சூடு. மற்றது டோர்க் கன்வேட்டரில் இருந்து வெளியேறும் ஒயிலின் சூடு. இரண்டும் ஒன்றல்ல. அடித்தட்டு ஒரு கிணறு மாதிரி. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். கன்வேட்டரில் இருந்து வருவது அந்த நிமிடத்தில் நடப்பதைச் சொல்லும். தட்டில் 90 என்று நிற்கும்போது அங்கே 110 இருக்கலாம். தனியாக மீற்றர் பூட்டுபவர்கள் சென்சரை எங்கே வைக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் "எனக்கு 95தான் வருது" என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கூலருக்குள் போய் ஆறித் திரும்பும் குழாயில் சென்சரைப் பூட்டிவிட்டு நிம்மதியாக ஓடுகிற ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். அவர் பார்ப்பது ஆறின ஒயிலின் சூடு. அதுவும் ஒரு நடு ஊசிதான்.

ஒரு மாதம் பாரம் இல்லாமல் ஓடிப் பார்த்தேன். காங்கேசன்துறை வீதியில் சாதாரண ஓட்டத்துக்கு 82, 84. ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்தால் 90. வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவில்லை. "அந்த நம்பரை விட்டிட்டு ரோட்டைப் பாருங்கோ" என்றார். அவர் சொன்னது நியாயம். சைக்கிளும் மாடும் குறுக்கே வருகிற எங்கள் வீதிகளில் போனைப் பார்த்து ஓடுவது கியர்பொக்ஸ் எரிவதைவிடப் பெரிய கேடு. அதனால் செயலியில் 115க்கு மேல் போனால் சத்தம் போடும்படி வைத்தேன். 105க்கு ஒரு சின்ன மணி. கண் ரோட்டில், காது மணியில்.

ஆனால் அதைவிட ஆழமான ஒரு மறுப்பு கராஜ் அண்ணையிடம் இருந்தது. எண் வந்தால் மனுசன் எண்ணை மட்டும் நம்புவான், வாகனத்தைக் கவனிக்க மாட்டான் என்பது அவர் வாதம். நாற்பது வருடமாகக் கையாலும் மூக்காலும் வாகனம் பார்ப்பவர் சொல்லும்போது அதைத் தட்டிவிட முடியாது. பல நாள் இது எனக்குள் ஒரு முடிவுக்கு வராமல் கிடந்தது. நான் செய்வது கவனமா, பயமா? ஒரு தரம் சூடு கண்டவன் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் பதறிக்கொண்டு ஓடுகிறேனா?

மணல்

அடுத்த வருடம் அதே ஆனி மாதம், போட்டுக்குச் சொந்தக்காரரான அதே சம்மாட்டியார் திரும்பக் கேட்டார். மருதங்கேணிக் கரையில் இன்னொரு போட், அதே முல்லைத்தீவு. மற்ற வேலை என்றால் மறுத்திருப்பேன். முதல் தடவை நடந்ததற்குப் பிறகும் என்னையே கூப்பிட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. விடியப் போய்ச் சேர்ந்தோம். கரையில் மீனவர் கொட்டிலான வாடியில் இருந்து தார் வீதிக்கு அறுநூறு மீற்றர் இருக்கும், முழுக்க மணல். வடமராட்சி கிழக்கு மணல் எப்படியென்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். காலை வைத்தால் கணுக்கால் வரை விடும். போட்டை ஏற்றிக் கட்டியபோது கன்வேட்டரின் எண் 86. போன தடவை மாதிரியே சாதாரண ட்ரைவில் போட்டு, அக்சிலேற்றரை நிதானமாக அமத்திக் கிளம்பினேன். வாகனம் நடந்து போகும் வேகம். பின்னால் இரண்டு பையன்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் இரண்டாயிரத்து ஐந்நூறில் சுற்றுகிறது, சில்லு அசைகிற மாதிரித்தான். முன்னால் காற்றே இல்லை. அந்த வேகத்தில் ரேடியேற்றருக்குள் எதுவும் நுழையவில்லை. நூறு மீற்றர் போகுமுன் 97. சின்ன மணி அடித்தது, 105. இருநூறு, இருநூற்றைம்பது மீற்றர். 112. பெரிய சத்தம் வந்தபோது பாதி வழியும் தாண்டவில்லை. தண்ணீர் ஊசியைப் பார்த்தேன். நடுவில்.

மணலில் பாரத்தோடு நிற்கக்கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. நின்றால் சில்லு புதையும், பிறகு எடுப்பது பெரும்பாடு. சம்மாட்டியார் பக்கத்தால் ஓடிவந்து கத்தினார். "தம்பி, நிப்பாட்டாதை, தாண்டு போகும், அமத்து, அமத்து!" பையன்களும் கத்தினார்கள். என் காலும் அமத்தத்தான் பார்த்தது. முப்பது வருடப் பழக்கம் எல்லாம் அமத்து என்கிறது. ஒரு சின்னச் சத்தமும் மூன்று இலக்கமும் மட்டும் நிறுத்து என்கின்றன. கையும் காலும் மூக்கும் எந்தக் குறையும் சொல்லவில்லை. கருகல் நெடி இல்லை, வழுக்கல் இல்லை, எஞ்சின் சத்தம் ஆரோக்கியமாக இருந்தது. அந்த நேரத்தில் போன வருடத்து மத்தியானம் முழுவதும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. ஆனையிறவில் காற்றுத்தான் கியர்பொக்ஸை எரித்தது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. அது இங்கே, இந்த மணலில், நான் சந்தோஷமாகத் தாண்டிப் போன அறுநூறு மீற்றரில் எரிந்தது. அதற்கு முன்னும் எத்தனையோ தரம் இதே மாதிரிக் கரைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்திருக்கும். ஆனையிறவில் தெரிய வந்தது, அவ்வளவுதான். நெடி வருகிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கிறது.

நிறுத்தினேன். நியூற்றலில் போட்டு எஞ்சினை ஆயிரத்து ஐந்நூறில் சுற்றவிட்டேன், ஒயில் கூலருக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. சூடாக இருக்கும்போது எஞ்சினை நிறுத்துவதுபோல் கேடு வேறில்லை. ஓட்டம் நின்றால் சூடு அந்த இடத்திலேயே நின்று வேகும். எண் நின்ற பிறகும் 121 வரை ஏறியது. பிறகுதான் இறங்கத் தொடங்கியது. சம்மாட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் இறங்கிப்போய்ப் போனை அவரிடம் காட்டி, இது 100க்குக் கீழே வரும்வரை அசைய மாட்டேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். 119. 116. 111. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "கரைக்குக் கிட்ட வரேக்கை நாங்களும் ஆழம் பாத்துத்தான் வாறனாங்கள்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது. ஒன்பது நிமிடத்தில் 97க்கு வந்தது.

அந்த ஒன்பது நிமிடம் சும்மா போகவில்லை. பையன்கள் சில்லைச் சுற்றி மணலை வாரினார்கள். நான் நாலு ரயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். ரயர் பரந்து படுத்தால் மணலில் புதைவது குறையும், இழுக்கத் தேவையான பலமும் குறையும். பிறகு நாலு சில்லையும் சேர்த்துத் தாழ் கியரில் போட்டேன். முதல் தடவை இதைச் செய்யாததற்குக் காரணம், தேவைப்படவில்லை என்று நினைத்ததுதான். வாகனம் போய்க்கொண்டுதானே இருந்தது. தாழ் கியரில் இழுவையைக் கியர்ச் சில்லுகள் கொடுக்கின்றன, கன்வேட்டர் வழுக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. மீதி முந்நூற்றுச் சொச்சம் மீற்றரும் போய்த் தார் வீதியில் ஏறும்போது எண் 103. அதே மணல், அதே போட், அதே காற்று. வீதி ஓரத்தில் ரயருக்குக் காற்றடித்துவிட்டுப் புதுக்காட்டுச் சந்தியால் ஏ-9 பெருவீதியில் ஏறினோம். கியரைத் தானாக மாற விடாமல் நாலில் பிடித்து வைத்து, ஐம்பத்தைந்தில் போனேன். மேல் கியருக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் கன்வேட்டருக்குள் இருக்கும் பூட்டு அடிக்கடி விடும்; அதுதான் வீதியில் சூடேறும் வழி. நாலில் பூட்டு விடவே இல்லை. ஆனையிறவில் முகத்துக்கு நேரே சோளகம், போட் ஆடியது, எண் 93. பரந்தன் சந்தியில் திரும்பும்போது 94.

கராஜ் அண்ணையின் வாதத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கரையில் கிடைத்தது. எண் என் கவனத்தைத் தின்னவில்லை. எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் இத்தனை நாள் தவறான இடத்தில் கவனமாக இருந்திருக்கிறேன். ஏ-9இல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓடினேன், மணலில் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன். ரயர்க் காற்றும் தாழ் கியரும் எவ்வளவு உதவும் என்பதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்பது நிமிட இடைவெளியில் 121ம் 103ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் உள்ளே இறங்கியது. இப்போது மணலில் கால் தானாக மெதுவாகிறது. மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே எனக்குத் தெரிகிறது, எஞ்சின் சத்தத்துக்கும் சில்லின் நகர்வுக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளி. அது எப்போதும் இருந்ததுதான். அதற்குப் பெயர் தெரியாததால் கேட்கவில்லை.

காலை ஆறு மணி

இப்போது ரேடியேற்றருக்கு முன்னால் தட்டுக் கூலர் ஒன்று தனியாகப் பூட்டியிருக்கிறேன். ரேடியேற்றருக்குள் இருக்கும் குழாயை முழுதாகத் தவிர்த்துவிட வேண்டும் என்று அண்ணை நின்றார். அந்தக் குழாய் உக்கி ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்து பால் மாதிரி ஆகிவிடும், கியர்பொக்ஸ் அத்தோடு சரி. குளிர் நாடுகளில் ஒயில் சூடேறுவதற்கு அந்தக் குழாய் தேவை. யாழ்ப்பாணத்தில் ஒயிலைச் சூடாக்கத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. அவர் சொன்னபடியே செய்தோம். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவது நின்றுவிட்டது.

என் கியர்பொக்ஸில் ஒயில் அளவு பார்க்கும் கம்பி கிடையாது. அடியில் ஒரு திருகாணி. எஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா இடத்துக்கும் ஒரு தரம் மாற்றி, ஒயில் 35க்கும் 45க்கும் நடுவில் இருக்கும்போது அதைக் கழற்ற வேண்டும். மிச்சம் இருந்தால் வழியும். நூலாக வந்து சொட்டாகும்போது பூட்ட வேண்டும். சூடு கூடினால் ஒயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், பிறகு ஆறும்போது குறையும். எங்கள் ஊரில் பத்து மணிக்குப் பிறகு இதைச் செய்ய முயன்றால் எஞ்சினை ஸ்டாட் பண்ணிக் கீழே படுப்பதற்குள் 45 தாண்டிவிடும். அதனால் போன மாதம் ஒயில் மாற்றியபோது விடியக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார் அண்ணை. இரவு முழுக்கக் கராஜில் நின்ற வாகனம். அவர் சாக்கில் படுத்து அடித்தட்டில் உள்ளங்கையை வைத்தார். நான் போனோடு கதவருகில் நின்றேன்.

"இப்ப நாப்பது இருக்கும்" என்றார், கீழே இருந்தபடி.

"நாப்பத்தொண்டு, அண்ணை."

அவர் திருகாணியைக் கழற்றினார். சிவப்பு ஒயில் நூல் மாதிரி விழுந்தது, மெலிந்தது, சொட்டுச் சொட்டாக வந்தது. கையை அடித்தட்டில் இருந்து எடுக்காமலே மற்றக் கையால் பூட்டினார்.